பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே

அன்புள்ள பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவ மாணவியருக்கு,

இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளை வரிசையாகப் புரட்டினால் ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். தலைப்பு ‘பவர் சப்ளை யூனிட்’. படத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், கடைசியில் 7805. கீழே, ஏசி எப்படி டிசியாகிறது என்று இரண்டு பத்தி. செடிக்குத் தண்ணீர் விடும் கருவியோ, பார்வையற்றோருக்கான கைத்தடியோ, வருகைப் பதிவுப் பெட்டியோ, எதுவானாலும் இந்தப் பக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருக்காது. பேட்டரியில் ஓடுகிற கைத்தடியின் அறிக்கையிலும் டிரான்ஸ்பார்மர் படம் இருக்கும்.

இந்த மடல் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியது. சென்சாருக்கும் கோடுக்கும் இரவுகளைச் செலவழிக்கும் மாணவர்கள், அத்தனைக்கும் உயிர் கொடுக்கும் பகுதியைச் சீனியர்களின் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துவைத்துவிடுகிறார்கள். ‘லேபில் ஓடியது, தோட்டத்தில் வைத்தால் ஓடவில்லை’ என்று திரும்பி வரும் கருவிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் இந்த 5 வோல்ட் எங்கிருந்து வந்தது? 1960களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 7400 வரிசை டிடிஎல் சில்லுகள் 5 வோல்ட்டில் இயங்கின. அவை அடுக்கப்பட்ட பலகை ஒவ்வொன்றுக்கும் ஆடாத, அசையாத 5 வோல்ட் வேண்டியிருந்தது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் பாப் விட்லர் அதற்காக எல்.எம். 109 என்ற ரெகுலேட்டரை வடிவமைத்தார். மூன்றே கால்கள், சூடு எல்லை மீறினால் தன்னையே அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருந்தது. ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் 7800 வரிசை அதைத் தொடர்ந்து வந்தது. 1976இல், மின்னழுத்தத்தை வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளும் எல்.எம். 317ஐ பாப் டாப்கின் உருவாக்கினார். அரை நூற்றாண்டு கடந்தும் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் 7805 டப்பா டப்பாவாக இருக்கிறது. நல்ல சில்லுதான், அதன் பேரில் குறை எதுவும் இல்லை.

ஆனால் அது காவல் காத்த உலகம் மாறிவிட்டது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா 328பி 1.8 முதல் 5.5 வோல்ட் வரை தாங்கும்; 6 வோல்ட்டைத் தாண்டினால் சேதம். வைஃபை கொண்ட இ.எஸ்.பி. 8266க்கு 3.0 முதல் 3.6க்குள் வேண்டும். செல்பேசி வலையில் பேசும் சிம் 800 எல் 3.4 முதல் 4.4 வரை கேட்கும். அதற்கு 5 அதிகம், 3.3 குறைவு. மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் ஒற்றை 7805 போதாது என்பது இந்த எண்களை வரிசையாக எழுதிய உடனே தெரிந்துவிடும். எழுதிப் பார்ப்பதில்லை என்பதுதான் கவலை.

7805 செய்கிற வேலையை உற்றுப் பார்ப்போம். 12 வோல்ட் உள்ளே போகிறது, 5 வோல்ட் வெளியே வருகிறது. மிச்சம் 7 வோல்ட்? ரெகுலேட்டருக்குள்ளேயே சூடாக எரிகிறது. உள்ளே போகும் மின்னோட்டமும் வெளியே வரும் மின்னோட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பேட்டரி கொடுக்கும் ஒவ்வொரு 12 வாட்டிலும் 5 வாட்தான் வேலைக்குப் போகிறது, 7 வாட் வீண்.

ஒரு சாதாரணப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். நோட்எம்சியூ பலகை சராசரியாக 80 மில்லிஆம்பியர். நீல நிற 5 வோல்ட் ரிலே இரண்டு. காயிலின் மின்தடை 70 ஓம் என்பதால் ஒன்றுக்கு 71 மில்லிஆம்பியர். பின்விளக்குடன் ஒரு எல்சிடி திரை. கூட்டினால் 250 வருகிறது. 7 வோல்ட்டை 0.25 ஆம்பியரால் பெருக்கினால் 1.75 வாட். கேட்க அற்பமாக இருக்கிறது. ஹீட் சிங்க் இல்லாத 7805, வாட் ஒன்றுக்குச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் சூடேறும் என்று அதன் டேட்டா ஷீட் சொல்கிறது. ஆக 114 டிகிரி ஏற்றம். தகரக் கூரை மோட்டார் அறையில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், சித்திரை வெயிலில் 50 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சில்லின் உள்வெப்பம் 164 டிகிரி ஆக வேண்டும். அனுமதிக்கப்பட்ட எல்லை 125.

அந்த 164இல் அது நிலைத்து நிற்காது. அந்த அளவை நெருங்கும்போதே விட்லர் காலத்துப் பாதுகாப்பு ஏற்பாடு விழித்துக்கொண்டு வெளியீட்டை முடக்கும். சில்லு ஆறும், மறுபடி உயிர் பெறும், மறுபடி முடங்கும். வெளியிலிருந்து பார்க்கும் மாணவருக்குத் தெரிவதெல்லாம் கண்ட்ரோலர் காரணமின்றி ரீசெட் ஆகிறது என்பதே. உடனே கோடைத் திறந்து வாட்ச்டாக் டைமரைத் தேடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிட்டு வந்து போட்டால் சற்று நேரம் ஒழுங்காக ஓடும். அதனால் குழப்பம் இன்னும் கூடும். ரெகுலேட்டரின் மேல் விரல் வைக்க முடியாவிட்டால் கோடைத் தொட வேண்டாம்.

சின்னதொரு ஹீட் சிங்க் போட்டாலே இதே பெட்டி பிழைத்துக்கொள்ளும். வாட் ஒன்றுக்கு 20 டிகிரி மதிப்புள்ள கிளிப் வகையைச் சேர்த்தால் உள்வெப்பம் 94 அளவில் நிற்கும். ஹீட் சிங்க் போடும்போது ஒரு எச்சரிக்கை: 7805இன் உலோக முதுகு கிரவுண்டோடு சேர்ந்தது; எல்.எம். 317இன் முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் மைக்கா இல்லாமல் திருகினால், 317இன் வெளியீடு நேராகக் கிரவுண்டில் போய் முட்டும். கால்களின் வரிசையும் ஒன்றல்ல. 7805இல் இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 317இல் அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். பழக்க தோஷத்தில் சாலிடர் செய்து இழந்த சில்லுகள் எல்லா லேப் மேசைகளின் இழுப்பறையிலும் கிடக்கின்றன.

இனி, நம் ஊரில் அதிகம் பேர் செய்யும் புராஜெக்ட்டுக்கு வருவோம். செல்பேசியால் இயங்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி. விவசாய இணைப்புகளுக்கு மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்து வந்த ஊர்களில், நடுநிசியில் டார்ச்சோடு வரப்பில் நடந்து மோட்டார் போடப் போனவர்களின் வீட்டுப் பிள்ளைகள் உங்களில் பலர். பாம்புக்கும் ஈரத் தரைக்கும் பயந்து நடந்த அந்த நடையை நிறுத்த வேண்டும் என்று ஒரு மாணவி சிம் 800 எல் வாங்குகிறார் என்றால், அந்தப் பெட்டி ஓடியே ஆக வேண்டும். மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட விஷயம் அது.

வழக்கமாக அந்தப் பெட்டி இப்படித்தான் கட்டப்படுகிறது. 12 வோல்ட் அடாப்டர், அதிலிருந்து 7805, அதன் 5 வோல்ட்டில் தொடராக ஒரு 1என் 4007 டையோடு. டையோடு 0.7 விழுங்கும், மிச்சம் 4.3, மாட்யூலுக்குச் சரியான அளவு என்பது கணக்கு. மல்டிமீட்டரும் 4.3 என்றே காட்டும். மாட்யூலின் விளக்கு ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் சிமிட்டி நெட்வொர்க்கைத் தேடும். கிடைத்துவிட்டால் மூன்று நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்ட வேண்டும். அந்த நிதானம் வரவே வராது. தேடும், அணையும், முதலிலிருந்து தேடும். சிம்மை மாற்றுவார்கள், ஆன்டெனாவை மாற்றுவார்கள், மாட்யூலையே மாற்றுவார்கள்.

காரணம் ஜிஎஸ்எம் பேசும் விதத்தில் இருக்கிறது. அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்ள, நேரம் 4.615 மில்லிநொடிச் சட்டங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு சட்டமும் எட்டுத் துண்டாகிறது. தன் முறை வரும் 577 மைக்ரோநொடிக்குள் மாட்யூல் முழு பலத்தோடு கத்தியாக வேண்டும். அந்தக் கணத்தில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். மற்ற நேரத்தில் அமைதி. பழைய செல்பேசியை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால், அழைப்பு வருவதற்கு முன்பே ஸ்பீக்கர் ‘டிடிட் டிடிட்’ என்று உறுமியது நினைவிருக்கும். நொடிக்கு 217 முறை நடக்கும் இந்த இழுப்பின் ஓசைதான் அது. மல்டிமீட்டருக்கு இந்த வேகம் கிடையாது; சராசரியைக் காட்டிவிட்டுப் போய்விடும். கல்யாண வீட்டில் நாள் முழுக்க எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது வேறு, முதல் பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பது வேறு. சமையற்காரர் இரண்டாவதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்.

அந்த 577 மைக்ரோநொடியில் நடப்பதைப் பாருங்கள். 7805ஆல் 2 ஆம்பியரைத் தாராளமாகக் கொடுக்க இயலாது. 1 ஆம்பியருக்கே வடிவமைக்கப்பட்ட 4007 டையோடு, 2 ஆம்பியரில் 0.7ஓடு நிற்காமல் 1 வோல்ட் அளவுக்கு விழுங்கும். பிரெட்போர்டு, ஜம்பர் வயர், அவற்றின் தொடுமுனைகள் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் இருந்தால்கூட 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். எல்லாம் கூடி மாட்யூலின் கால்களில் 3.4க்குக் கீழே இறங்குகிறது; அது தன்னை அணைத்துக்கொள்கிறது.

தீர்வு கடினமானதில்லை. 3 ஆம்பியர் தரும் பக் மாட்யூல் ஒன்றை 4.0 வோல்ட்டுக்கு வைத்து, சிம் மாட்யூலின் கால்களுக்கு ஒட்டியே ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைச் சாலிடர் செய்ய வேண்டும். எவ்வளவு பெரியது? சப்ளை 1 ஆம்பியர் மட்டும் தருகிறது, மீதி 1 ஆம்பியரைக் கெபாசிட்டர் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 577 மைக்ரோநொடியில் 470 மைக்ரோஃபாரட் 1.2 வோல்ட் சரியும். 1000 என்றால் 0.58, 2200 என்றால் 0.26. முதலாவது போதாது. இரண்டாவது 4.0இலிருந்து 3.42க்கு வந்து நூலிழையில் தப்பும். மூன்றாவது நிம்மதி. வயர் தடிமனாகவும் விரற்கடை நீளத்திலும் இருக்கட்டும். இந்த இணைப்பில் பிரெட்போர்டு வேண்டவே வேண்டாம்.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, நடுவிலிருந்து 3.3 வோல்ட்டை எடுத்து, அதைச் சப்ளையாகக் கொடுப்பது. 2.6 கிலோ ஓம், 1 கிலோ ஓம், மேலே 12 வோல்ட்; மீட்டரில் 3.33 அழகாக வரும். 80 மில்லிஆம்பியர் இழுக்கும் இ.எஸ்.பி. சுமையை, அதாவது ஏறக்குறைய 41 ஓமை, அங்கே மாட்டினால் அது 0.18 வோல்ட்டாகச் சரிந்துவிடும். சுமை இல்லாதபோது மட்டும் சொன்னபடி நடக்கும் சுற்று சப்ளை ஆகாது. அந்த இரண்டு ரெசிஸ்டருக்கு உரிய இடம் சிக்னல் பாதை. தூரம் அளக்கும் எச்.சி.எஸ்.ஆர். 04 சென்சாரின் எக்கோ கால் 5 வோல்ட் தரும். அதை 1 கிலோ, 2 கிலோ ஓம் கொண்டு 3.33 ஆக்கி இ.எஸ்.பி.க்குக் கொடுப்பது மிகச் சரியான உபயோகம்.

சற்று முன் சொன்ன பக் மாட்யூல், அதாவது பக் கன்வெர்ட்டர், வேறு தந்திரம். அது மிச்ச மின்னழுத்தத்தை எரிப்பதில்லை. உள்ளே ஒரு ஸ்விட்ச் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. மூடும்போது காயிலில் ஆற்றல் ஏறுகிறது, திறக்கும்போது ஷாட்கி டையோடு வழியாக அதே ஆற்றல் சுமைக்குப் போகிறது. பிரபலமான எல்.எம். 2596 நொடிக்கு 1,50,000 முறை இதைச் செய்கிறது. ஒரு சுற்றுக்கு 6.7 மைக்ரோநொடி, 12இலிருந்து 5 வேண்டுமென்றால் அதில் 42 சதவீத நேரம், ஏறக்குறைய 2.8 மைக்ரோநொடி, ஸ்விட்ச் மூடியிருந்தால் போதும். திறன் 80 சதவீத அளவில் இருக்கும். 5 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் எடுக்கும் கருவி, 7805 வழியாகப் போனால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தும் அதே 300ஐ உறிஞ்சும். பக் வழியாகப் போனால் 156 மட்டும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி முதல் வழியில் 23 மணி நேரம், இரண்டாம் வழியில் 45 மணி நேரம். ஒரே பேட்டரி, ஒரே கருவி.

உறையிலிருந்து எடுத்த பக் மாட்யூலை நேராகக் கண்ட்ரோலரில் இணைத்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் நீலநிறச் சிறு திருகு எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. 12 போட்டால் 11 வெளியே வரலாம். முதலில் சுமையில்லாமல் சப்ளை கொடுத்து, அவுட்புட்டில் மீட்டரை வைத்து, திருகைத் திருப்ப வேண்டும். பல சுற்றுத் திருகு என்பதால் ஆரம்பத்தில் எண் அசையாமல் இருக்கலாம். பொறுமையாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இறங்கத் தொடங்கும். வேண்டிய அளவு வந்ததும் திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் மோட்டார் அதிர்வில் நகராது. மிக மலிவான பலகைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: 2596 என்று அச்சிட்டு, உள்ளே 52 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பழைய வகைச் சில்லு. 150க்கு ஏற்ற சிறிய காயில் அந்த மெதுவான வேகத்தில் நிறைந்து திணறி, சொன்ன 3 ஆம்பியரில் பாதியிலேயே கொதிக்கும். மாட்யூலில் அச்சிட்ட எண்ணில் பாதிக்கு மேல் கேட்காதிருப்பது நல்லது.

அனலாக் சென்சார் இருந்தால் பக்கின் சலசலப்பு அளவீட்டில் தெரியும். ஊனோவின் ஏடிசி ஒரு படிக்கு 4.88 மில்லிவோல்ட்டைப் பிரித்தறிகிறது. பக்கின் வெளியீட்டில் பத்துக்கணக்கான மில்லிவோல்ட் அலை இருப்பது சாதாரணம். பக் கொண்டு 12ஐ 5 ஆக்கி, அதிலிருந்து ஒரு லீனியர் ரெகுலேட்டர் கொண்டு 3.3 எடுத்துச் சென்சாருக்குத் தந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். ஒவ்வொரு சில்லின் சப்ளைக் கால்களுக்கு ஒட்டி 104 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர் ஒன்றும் வேண்டும்.

பேட்டரியில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய கருவிகளுக்குக் கணக்கே வேறு. தோட்டத்தில் அரை மணிக்கு ஒருமுறை விழித்து மண் ஈரத்தை அனுப்பிவிட்டு உறங்கும் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உறக்கத்தில் இ.எஸ்.பி. 8266 எடுப்பது 20 மைக்ரோஆம்பியர். பலகையில் இருக்கும் ஏ.எம்.எஸ். 1117 ரெகுலேட்டரோ, எதுவும் செய்யாமல் தான் உயிரோடிருக்க மட்டும் 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். உறங்கும் சில்லைப்போல் 250 மடங்கு. 2000 மில்லிஆம்பியர்-மணி செல் அதனாலேயே 17 நாளில் தீர்ந்துவிடும். மேலும், 1117க்கு வெளியீட்டைவிட 1.1 வோல்ட்டாவது கூடுதலாக உள்ளே வேண்டும். லித்தியம் செல்லின் 3.7இலிருந்து 1.1 போனால் 2.6, இ.எஸ்.பி. எழுந்திருக்காது. இதே வேலைக்கு எம்.சி.பி. 1700 என்ற சிறு ரெகுலேட்டர் 1.6 மைக்ரோஆம்பியரில் உயிர் வைத்திருக்கும், முழுச் சுமையிலும் 0.18 வோல்ட் மட்டுமே கூடுதலாகக் கேட்கும். அதன் உச்சம் 250 மில்லிஆம்பியர், இன்புட் 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒற்றை லித்தியம் செல்லுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். சதுர 9 வோல்ட் பேட்டரியை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அல்கலைன் வகையிலேயே 500 மில்லிஆம்பியர்-மணிதான், தொடர்ந்து விழித்திருக்கும் வைஃபை கருவிக்குச் சில மணி நேரமே தாங்கும்.

‘12 வோல்ட்’ என்ற எழுத்தையும் நம்பிவிடக் கூடாது. 12 வோல்ட் என்று விற்கப்படும் சோலார் பேனலில் 36 செல்கள். சுமையில்லாத வெயிலில் 21 வோல்ட்டைத் தாண்டும். ஏ.எம்.எஸ். 1117இன் எல்லை 15. பேனலை நேராக நோட்எம்சியூவின் வின் காலில் கொடுத்தால் காலைப் பனி விலகும்போதே புகை வரும். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் ஏசி, பிரிட்ஜையும் கெபாசிட்டரையும் கடந்து 15.6 வோல்ட் டிசியாக நிற்கும். சுமை குறைந்தால் இன்னும் ஏறும். 16 வோல்ட் கெபாசிட்டரை அங்கே போடுவது வெடிக்கக் காத்திருப்பதற்குச் சமம், 25 அல்லது 35 வேண்டும். டிராக்டர் பேட்டரி எஞ்சின் ஓடும்போது 14.4 வரை போகும்.

குறைந்த பக்கத்து ஆபத்து இன்னும் மறைவானது. ஊனோ 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அந்த வேகத்துக்கு ஏடிமெகாவுக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட்டாவது வேண்டும். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் ரீசெட் செய்யும் காவல், ஊனோவில் 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கண்ட்ரோலர் சாகவும் இல்லை, சரியாக இயங்கும் என்ற உறுதியும் இல்லை. நினைவகத்தில் தவறாக எழுதலாம், தவறான காலை உயர்த்தலாம். அந்தக் காலின் மறுமுனையில் 5 குதிரைத்திறன் மோட்டாரின் கான்டாக்டர் இருக்கிறது. இ.எஸ்.பி. 32 இந்த விஷயத்தில் நேர்மையானது. வோல்ட் சரிந்தால் ‘பிரவுன்அவுட்’ என்று சீரியல் திரையில் எழுதிவிட்டே ரீசெட் ஆகும். அந்த வரியைக் கண்டதும் அந்தக் காவலைக் கோடில் அணைத்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வயரையும் சப்ளையையும் பாருங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. டிரான்ஸ்பார்மர் கனக்கிறது, இடம் அடைக்கிறது என்பதற்காக, 230 வோல்ட்டில் தொடராக ஒரு கெபாசிட்டரைப் போட்டு ஜீனர் டையோடால் 5 வோல்ட் எடுக்கும் சுற்று கைக்குக் கை பரவுகிறது. மலிவு எல்இடி பல்புக்குள் அது இருக்கலாம். யாரும் தொடாதபடி மூடப்பட்டிருக்கும். உங்கள் மேசைக்கு அது வரக் கூடாது. முதலாவது, அதனால் பலனே இல்லை: 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் தரக்கூடியது 34 மில்லிஆம்பியர், இ.எஸ்.பி. 8266 வைஃபையில் அனுப்பும் கணத்தில் கேட்பது 170. இரண்டாவது, அந்த 5 வோல்ட்டுக்கும் வீட்டு மின்கம்பிக்கும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. நியூட்ரலும் பேஸும் இடம் மாறிய பிளக் பாயிண்டில், உங்கள் பலகையின் கிரவுண்ட் 230 வோல்ட்டில் நிற்கும்; உச்சத்தில் 325. கோடு ஏற்ற யூஎஸ்பி கேபிளைச் செருகினால் லேப்டாப்பும் அதே வோல்ட்டுக்குப் போகும். லேப்டாப்பின் உலோக விளிம்பில் கை வைத்திருப்பவர் ஒரு மாணவர்.

பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட நல்ல செல்பேசி சார்ஜர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிறு டிரான்ஸ்பார்மர் வீட்டு மின்சாரத்தையும் 5 வோல்ட்டையும் முழுமையாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1 அல்லது 2 ஆம்பியர் தருகிறது. பெட்டிக்குள்ளேயே சப்ளை வேண்டுமானால், பிசின் ஊற்றி மூடப்பட்ட, பிரித்துக் காக்கும் வகை 230-இலிருந்து-5 மாட்யூல்கள் கிடைக்கின்றன. முன்னால் ஒரு பியூஸ் போட்டு, தாழ்வழுத்தப் பக்கத்திலிருந்து விலக்கி வையுங்கள். எச்.ஓ.டி. அறையில் கனத்த டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய கருவியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்தக் கனம் ஒரு காலத்தில் பலரைக் காப்பாற்றிய கனம்.

கண்காட்சி நாளுக்கு முன் கருவியை ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். லேபில் இருக்கும் மாற்றக்கூடிய சப்ளையில் 12க்குப் பதில் 10.8 வைத்து அரை மணி நேரம், பிறகு 14.4 வைத்து, பெட்டியின் மூடியையும் மாட்டி, ஒரு மணி நேரம். இரண்டு நிலையிலும் ரிலேக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் இழுக்கட்டும், மாட்யூல் குறுஞ்செய்தி அனுப்பட்டும். அந்தக் கணத்தில் கண்ட்ரோலரின் கால்களில் ஆசிலோஸ்கோப்பை வைத்து, மிகக் கீழே இறங்கிய வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். கடைசியில் மூடியைத் திறந்ததும் ரெகுலேட்டரின் வெப்பத்தை அளந்து, இரண்டு எண்ணையும் தேதி போட்டு ‘பவர் சப்ளை யூனிட்’ பக்கத்தில் எழுதிவிட்டு, அந்தப் படத்தில் உங்கள் பெட்டிக்குள் இல்லாத டிரான்ஸ்பார்மரை அடித்துவிடுங்கள்.

அன்புடன்.